கண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்!



"கண்ணு முந்தி மாதிரி இல்லீங்க. கொழுந்தெல்லாம் ஒரே பச்சையாத் தெரியுது. எது இளசு, எது முத்தல்னு பார்த்துப் பறிக்கிறதுக்குள்ள நிரை முடிஞ்சிடுது."

நாற்பது வயதைத் தாண்டிய நம் பெண்கள் பலரும் இப்படிச் சொல்வதைக் கேட்கலாம். கொழுந்து மடுவத்தில் தராசு முள் இறங்குகிறது. கூடையில் முற்றல் இலை கிடப்பதைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை சத்தம் போடுகிறார். நிறை குறைந்தால் அரைப் பேர். "வயசாயிடிச்சி, இனி என்ன செய்யிறது" என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

உண்மையில் கையும் காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. கண்தான் கொஞ்சம் உதவி கேட்கிறது. அந்த உதவியை எப்படிச் செய்வது? இயற்கையாக ஓய்வு கொடுத்தால் பார்வை திரும்புமா? எந்தப் பயிற்சி நல்லது, எது ஆபத்து? கலேவெலயிலும் அதைச் சுற்றியும் இருப்பவர்களுக்கும், மேலே ரத்தோட்டை, எல்கடுவ மலைகளில் தேயிலையை நம்பி வாழும் குடும்பங்களுக்கும் பயன்படும்படி இதைப் பார்ப்போம்.

கண் எப்படி வேலை செய்கிறது?

நம் கண்ணின் கருமணிக்குப் பின்னால் பளிங்கு போன்ற ஒரு சிறிய வில்லை இருக்கிறது. அதைச் சுற்றி வளையம்போல ஒரு சின்னத் தசை. தூரத்து மலையைப் பார்க்கும்போது இந்தத் தசை தளர்ந்து சும்மா இருக்கும். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது தசை இறுகும், வில்லை தடிக்கும், கிட்டத்துப் பொருள் தெளிவாகத் தெரியும்.

ஆக, கொழுந்து பறிப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, ஊசியில் நூல் கோர்ப்பது, புத்தகம் படிப்பது, போன் பார்ப்பது எல்லாமே அந்தச் சின்னத் தசைக்கு வேலை. பாரக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க இறக்காமல் நின்றால் கழுத்து என்ன பாடுபடும்? கண் தசைக்கும் அதே பாடுதான். கண் கனப்பது, நெற்றி வலிப்பது, மாலையில் எழுத்து மங்குவது இதெல்லாம் பல நேரம் களைப்பின் அறிகுறி.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலும் கண்ணுக்கு ஈரம் பூசுகிறது. ஒன்றையே உற்றுப் பார்க்கும்போது சிமிட்டுவது குறைந்துவிடும். கண் காயும், எரியும், மண் விழுந்தது போல உறுத்தும். கலேவெல, தம்புள்ளைப் பக்கத்து வெயிலிலும் தூசியிலும் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த எரிச்சல் இன்னும் அதிகம்.

காசு செலவில்லாமல் ஓய்வு கொடுக்கும் வழிகள்

1. தூரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நிரை முடிந்ததும் தலையை நிமிர்த்தி எதிரே தெரியும் மலையை அரை நிமிடம் பாருங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் தையல் தைப்பவர்களும் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை வாசலுக்கு வந்து தூரத்து மரத்தைப் பார்க்கலாம். இறுகிய தசை அப்போதுதான் தளரும். பட்டணத்தில் இருப்பவர்களுக்குச் சுவர்தான் தெரியும். நமக்கு மலை இருக்கிறது.

2. சிமிட்டுங்கள். கண் எரியும்போது கசக்காமல், பத்துத் தடவை மெதுவாக மூடித் திறங்கள்.

3. உள்ளங்கையால் மூடுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து, மூடிய கண்மேல் வையுங்கள். கண்ணை அழுத்தக்கூடாது. இரண்டு மூன்று நிமிடம் அந்த இருட்டில் அமைதியாக இருங்கள். கொழுந்துக் கறையோ மருந்தடித்த கையோ கண் பக்கம் போகவே கூடாது.

4. ஈரத்துணி வையுங்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வைத்தால் இதமாக இருக்கும். இமையில் கட்டி வந்தால் பொறுக்கும் சூட்டில் வெந்நீர்த் துணி நல்லது. கட்டியைப் பிதுக்க வேண்டாம். ஒருவர் துணியை மற்றவர் பாவித்தால் கண்நோயும் கூடவே போகும்.

5. வெயிலுக்கு மறைப்புப் போடுங்கள். ஓரம் அகலமான தொப்பியோ, நெற்றிக்கு முன்னால் நீட்டிக் கட்டிய துணியோ கண்ணுக்கு நிழல் தரும. பல வருடம் கடும் வெயில் பட்டால் கண்ணில் சதை வளரவும், வெண்படலம் சீக்கிரம் வரவும் இடமுண்டு.

6. புகையைக் குறையுங்கள். லயன் காம்பராவில் அடுப்புப் புகை வெளியேற வழியில்லாவிட்டால் கண்ணும் கெடும், நெஞ்சும் கெடும். சமைக்கும்போது கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். விறகு நன்றாகக் காய்ந்திருக்கட்டும்.

7. தூங்குங்கள். எல்லா வழியிலும் பெரிய வழி இதுதான். வேலை முடிந்து வந்து நடுச்சாமம்வரை இருட்டில் போனைப் பார்த்தால் கண்ணுக்கு ஓய்வு எப்படிக் கிடைக்கும்?

பயிற்சி செய்தால் கண்ணாடியே வேண்டாமா?

இந்தக் கேள்வி புதிதல்ல. அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் வில்லியம் பேட்ஸ் என்று ஒரு கண் டாக்டர் இருந்தார். 1920இல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். 'பார்வைக் குறை எல்லாம் கண்ணை வருத்திப் பார்ப்பதால்தான் வருகிறது. ஓய்வும் பயிற்சியும் கொடுத்தால் கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம்' என்பது அவர் வாதம். உள்ளங்கையால் கண்ணை மூடும் முறையைப் பரப்பியவரும் அவர்தான். நம் பக்கத்திலும் அந்த முறை வந்தது. புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் டாக்டர் ஆர். எஸ். அகர்வால் ஆரம்பித்த கண் பயிற்சிப் பள்ளி தமிழ்நாட்டில் பெயர் பெற்றது.

இதில் எவ்வளவு உண்மை? ஓய்வு கொடுத்தால் களைப்புத் தீரும், எரிச்சல் குறையும், மனதுக்கும் சாந்தி கிடைக்கும். இதில் சந்தேகமில்லை. ஆனால் பேட்ஸ் சொன்ன காரணம் பிழை. கிட்டத்தையும் தூரத்தையும் பார்க்க உதவுவது உள்ளே இருக்கும் வில்லைதான் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850களிலேயே விளக்கியிருந்தார். வெளியே இருக்கும் தசைகள் கண்ணை நசுக்குவதால்தான் பார்வை மாறுகிறது என்று பேட்ஸ் நினைத்தார்; அது சரியில்லை என்று தெளிவாகிவிட்டது.

தூரப்பார்வை மங்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கண் உருண்டை கொஞ்சம் நீண்டிருக்கும். நீண்டதைப் பயிற்சியால் சுருக்க முடியாது. நாற்பது வயதுக்குமேல் கிட்டப்பார்வை மங்குவதற்குக் காரணம் வில்லை இறுகிப்போவது. அதைத்தான் நம் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்றார்கள். தலை நரைப்பது போல இது எல்லோருக்கும் வரும். படித்தவருக்கும் வரும், படிக்காதவருக்கும் வரும். இறுகிய வில்லையை எந்தப் பயிற்சியும், எந்தத் தைலமும் இளக்காது.

ஒரு எச்சரிக்கை. பேட்ஸ் வழியில் சூரியனைப் பார்ப்பதும் ஒரு பயிற்சியாகச் சொல்லப்பட்டது. காலை வெயிலோ மாலை வெயிலோ, சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கண்ணின் பின்பக்கத் திரை வெந்துவிடும். வெந்தது வலிக்காது, ஆனால் பார்வை திரும்பாமலே போகலாம். 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று சொல்வார்கள். சூரியனை உற்றுப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அசாம் தேயிலை மலையில் கண்ட உண்மை

வெள்ளெழுத்துக்குச் சரியான மருந்து ஒரு சாதாரணக் கண்ணாடி. "கண்ணாடி போட்டுக்கிட்டு யாரும் கொழுந்து எடுப்பாங்களா?" என்று சிரிக்காதீர்கள். எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

2017இல் இந்தியாவின் அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. நாற்பது வயதும் அதற்கு மேலும் உள்ள, கிட்டப்பார்வை மங்கிய 751 தொழிலாளர்கள் அதில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு முதலிலேயே கிட்டப்பார்வைக் கண்ணாடி இலவசமாகக் கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு ஆராய்ச்சி முடிந்த பிறகு கொடுப்பதென்று ஏற்பாடு. பிறகு தினமும் யார் எவ்வளவு கொழுந்து பறித்தார்கள் என்று நிறுவைக் கணக்கைப் பார்த்தார்கள்.

கண்ணாடி போட்டவர்கள் முன்பு நாளுக்குச் சராசரியாக 25 கிலோ பறித்தார்கள். பின்பு ஏறத்தாழ 35 கிலோ பறித்தார்கள். கண்ணாடி இல்லாதவர்களுக்கும் நிறை ஏறத்தான் செய்தது, 26 கிலோவிலிருந்து 30½ கிலோ அளவுக்கு. கொழுந்து நன்றாக வரும் காலத்தில் எல்லோருக்கும் ஏறுவது நமக்குத் தெரிந்ததுதானே? அந்த ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், கண்ணாடியால் மட்டும் நாளுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. அதாவது நூற்றுக்கு 21.7 பங்கு. ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நூற்றுக்கு 31.6 பங்கு. 2018இல் 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' என்ற மருத்துவச் சஞ்சிகையில் இந்தக் கணக்கு வெளியானது.

ஐந்து கிலோ என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரைப் பேருக்கும் முழுப் பேருக்கும் நடுவில் இருப்பதே சில கிலோதான். "சோம்பேறியாயிட்டா", "கை ஓடல" என்று ஏச்சு வாங்கிய எத்தனை அம்மாக்களுக்குக் கை சரியாகவே இருந்திருக்கும்! அவர்களுக்குக் கொழுந்துதான் தெரிந்திருக்காது.

கண்ணாடி போடும்போது கவனிக்க வேண்டியவை

* முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். வெள்ளெழுத்து என்று நாம் நினைப்பது சில வேளை வெண்படலமாகவோ, கண் அழுத்தமாகவோ, சீனி வருத்தத்தால் வந்த கோளாறாகவோ இருக்கலாம்.

* பரிசோதிப்பவரிடம் நீங்கள் செய்யும் வேலையைச் சொல்லுங்கள். புத்தகம் படிக்கும் தூரம் வேறு, தேயிலைச் செடிக்குக் கை நீட்டும் தூரம் வேறு. எந்தத் தூரத்தில் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று கையை நீட்டிக் காட்டுங்கள்.

* கிட்டப்பார்வைக் கண்ணாடியோடு நடக்க வேண்டாம். அதைப் போட்டால் கிட்டம் தெளியும், தூரம் மங்கும். சரிவிலும் படிக்கட்டிலும் கால் வைக்கும் இடம் பிழையாகத் தெரிந்தால் விழுந்துவிடுவோம். கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடுங்கள். பறிக்கும்போது போடுங்கள், மலை ஏறி இறங்கும்போது கழற்றுங்கள்.

* கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுப்போகும் என்பது வீண் பயம். போட்டாலும் போடாவிட்டாலும் வயது ஏற ஏற வில்லை இறுகத்தான் செய்யும். அதனால்தான் சில வருடத்துக்கு ஒரு தடவை பவர் மாற்றுகிறார்கள்.

கண்ணுக்கு ஏற்ற சாப்பாடு

விட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும். பிள்ளைகளுக்கு அது முற்றினால் கருவிழியே கெட்டுப் பார்வை போய்விடும். அதைத் தடுக்கும் சாப்பாடு நம் வீட்டைச் சுற்றியே இருக்கிறது. முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை, பூசணிக்காய், கரட், பப்பாசிப்பழம், மாம்பழம் எல்லாம் நல்லவை. கீரையைக் கொஞ்சம் தேங்காய்ப்பாலோ எண்ணெயோ சேர்த்துச் சமைத்தால்தான் அந்தச் சத்து உடம்பில் சேரும். முட்டை, பால், சிறிய மீன் கிடைக்கும்போது பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள். கிளினிக்கில் மிட்வைப் அம்மா கொடுக்கும் விட்டமின் 'ஏ' மருந்தைத் தவறவிடாதீர்கள்.

ஆனால் ஒன்று. சத்துக் குறைந்தவருக்குத்தான் இது பார்வையைத் திருப்பித் தரும். வெள்ளெழுத்து வந்தவர் கூடை கூடையாகக் கரட் சாப்பிட்டாலும் ஊசியில் நூல் கோர்க்க முடியாது.

பிள்ளைகளின் கண்

பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாவிட்டால் அது சொல்லாது. எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும். டிவிக்குக் கிட்டப் போய் உட்காரும். மக்குப் பிள்ளை என்று ஏசுவதற்குமுன் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். சுவரில் கலண்டரை மாட்டி, பத்து அடி தள்ளி நிற்க வைத்து, ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்தால், அல்லது மாறுகண் இருந்தால், தாமதிக்காமல் காட்டுங்கள். சின்ன வயதில் கவனிக்காத கண் பிறகு சோம்பிப்போய் நிரந்தரமாக மங்கிவிடும்.

பிள்ளைகளை வெளியே விளையாட விடுங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பகல் வெளிச்சத்தில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு, வழமைபோல இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்குத் தூரப்பார்வை மங்கியிருந்தது. வெளியே விளையாடியவர்களில் அது நூற்றுக்கு 30 பேர். இந்த முடிவு 2015இல் வெளியானது. இயற்கை வைத்தியம் என்று சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கண்ணில் போடக் கூடாதவை

தாய்ப்பால், தேன், இலைச்சாறு, நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். நல்ல மனதோடுதான் விடுகிறார்கள். ஆனால் காயம்பட்ட கண்ணுக்குள் கிருமி போக அதுவே வழி. கவ்வாத்து வெட்டும்போது குச்சி பட்டாலும், புல் வெட்டும்போது கல் தெறித்தாலும் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போங்கள். நேபாளத்தில் பக்தபூர் பகுதியில் நடந்த ஒரு ஆராய்ச்சியின் முடிவு 2001இல் வெளியானது. கருவிழியில் கீறல் பட்டு, 18 மணி நேரத்துக்குள் கிருமி கொல்லும் களிம்பு போட்டவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. சாதாரணக் களிம்புதான். நேரத்துக்குப் போட்டதுதான் விஷயம்.

மருந்தடிக்கும்போது கண்ணில் பட்டால் உடனே, அந்த இடத்திலேயே, சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள். கழுவிய பிறகு போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன மருந்து என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

கடையில் வாங்கும் சொட்டு மருந்தையும் டாக்டர் சொல்லாமல் போட வேண்டாம். சில மருந்து எரிச்சலை உடனே நிறுத்தும். நெடுநாள் போட்டால் கண் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வையைத் திருடிவிடும்.

ஓய்வு போதாது, உடனே காட்டுங்கள்

* திடீரென்று பார்வை மங்கினால் அல்லது ஒரு பக்கம் இருட்டினால்
* கண் சிவந்து, வலியும் இருந்தால்
* விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்து தலையும் வலித்தால்
* கண்முன் மின்னல் வெட்டுவது போல, அல்லது கறுப்புப் புள்ளிகள் கொட்டுவது போல இருந்தால்
* கருமணியில் வெள்ளை தெரிந்தால், அது குழந்தையாக இருந்தாலும் பெரியவராக இருந்தாலும்

சீனி வருத்தம் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை கண்ணின் பின்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு வரும் வெண்படலம் ஓய்வாலோ மருந்தாலோ கரையாது. சின்ன ஒப்பரேஷன் செய்து, மங்கிய வில்லையை எடுத்துவிட்டுப் புதிய வில்லையை வைக்கிறார்கள். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 கட்டிலோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இந்த ஒப்பரேஷனால் இலட்சக்கணக்கான ஏழைகளுக்குப் பார்வை கொடுத்திருக்கிறது. நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இதைச் செய்கிறார்கள். "இந்த வயசுல எனக்கெதுக்குப்பா ஒப்பரேஷன்" என்று பாட்டி சொன்னால் விட்டுவிடாதீர்கள். அவர் தடுமாறி விழாமல் நடப்பதற்கும், பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கும்தான்.

என்ன செய்யலாம்?

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாற்பது வயது தாண்டிய எல்லோரும் ஒரு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். முடியாதவர்கள் தோட்ட மருத்துவ உதவியாளரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ பெயரைக் கொடுங்கள். ஒருவர் போய்க் கேட்பதைவிட ஒரு மலையில் வேலை செய்யும் இருபது பேர் சேர்ந்து கேட்டால் தோட்டத்திலேயே கண் பரிசோதனை நாள் ஒன்றை வைப்பது சுலபம். அசாம் கணக்கையும் எடுத்துச் சொல்லுங்கள். கொழுந்து கூடினால் தோட்டத்துக்கும் இலாபம்தானே. கலேவெலப் பக்கம் இருப்பவர்கள் அருகில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொண்டு மாத்தளை அல்லது கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம்.

களைத்த கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். காயம்பட்ட கண்ணுக்கு அன்றைக்கே வைத்தியம் பாருங்கள். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடுங்கள், வெண்படலத்துக்கு ஒப்பரேஷன் செய்யுங்கள். எது எதற்கு என்று தெரிந்துகொண்டால், காசும் வீணாகாது, கண்ணும் வீணாகாது.